பரணில் கிடக்கும் பழைய கணினி: சுவிட்சைப் போடுவதற்கு முன்

பத்துப் பதினைந்து வருடம் பரணில் கிடந்த கணினியைக் கீழே இறக்கியதும் யாருக்கும் வரும் முதல் ஆசை, ஒயரைச் சொருகி ஆன் செய்து பார்ப்பதுதான். அதை மட்டும் செய்யாதீர்கள். பரணில் இருந்தவரை பிழைத்துக் கிடந்த பல கணினிகள், இறக்கிய அன்று அந்த முதல் நிமிடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. உலர்ந்துபோன கெப்பாசிட்டர், ஈரம் ஏறிய தூசி, கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் செத்துக் காய்ந்த பல்லி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மின்சாரம் பாயும்வரை இவை யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. மதர்போர்டு போனால் பழைய சாமான் கடையில் வேறொன்று கிடைக்கும். ராம் போனால் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் கல்யாணப் படங்களும், அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றிவைத்த குடும்ப வரலாறும் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் வேலையை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் டிஸ்க், பிறகு மின்சாரம், அப்புறம்தான் மற்றவை.

இங்கே சொல்வது பெரும்பாலும் 1990களின் பிற்பாதியிலிருந்து 2008 வாக்கில்வரை நம் வீடுகளுக்கு வந்த மேசைக் கணினிகளைப் பற்றி. பென்டியம் 2, 3, 4, செலரான், ஏஎம்டி அத்லான், கோர் 2 டுவோ வகையறா. அதைவிடப் பழசு கையில் இருந்தால் அதற்கான எச்சரிக்கைகளை ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

என்னென்ன வேண்டும்

நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, புதிய பெயின்ட் பிரஷ், பள்ளிக்கூடத்து வெள்ளை ரப்பர், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சின்னக் குழாய் தெர்மல் பேஸ்ட், சிஆர் 2032 பட்டன் பேட்டரி. இவற்றோடு ஐடிஇ டிஸ்க்கை, அதாவது அகலமான பட்டைக் கேபிளில் இணையும் பழைய டிஸ்க்கை, யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர் ஒன்று. 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை, யுஎஸ்பி 5 வோல்ட்தான் தரும். ஆகவே தனி பவர் அடாப்டரோடு வருவதைப் பார்த்து வாங்குங்கள்.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். ஃபேன் கத்தினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் ஊர்ப் பழக்கம். சில நாள் அமைதியாக ஓடும், பிறகு எண்ணெய் பிசினாகி ஃபேன் இறுகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதையும் மீறிக் கத்தினால் ஃபேனை மாற்றுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

திறந்து பாருங்கள்

கேபினெட்டை மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய்த் திறங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது வெறும் தூசி இல்லை, கரப்பான் எச்சமும் பல்லி முட்டையும் கலந்தது. எதையும் கழற்றும் முன் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேபிள் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சிவப்புக் கோடு இருந்தது என்பது படத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். முன்பக்கத்து பவர் சுவிட்ச், ரீசெட், எல்இடி ஒயர்கள் மதர்போர்டில் சேரும் இடத்தை மட்டும் கிட்டத்தில் வைத்து இன்னொரு படம். அந்தக் குட்டி ஒயர்களை மறுபடி சொருகும்போது அது உதவும்.

தூசியைப் பிரஷ்ஷால் கிளப்பி ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் பேரிங் கெடும். வீட்டு வாக்குவம் கிளீனர் முனையை போர்டுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள், உரசலில் நிலை மின்சாரம் உண்டாகும். வேலைக்கு நடுநடுவே கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்வது நல்லது.

தூசி போனதும் மூன்றைத் தேடுங்கள்.

முதலாவது கெப்பாசிட்டர்கள். பிராசசரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகள் இவை. தலைப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலும், பழுப்புக் கசிவு தெரிந்தாலும், அடி ரப்பர் பிதுங்கி உருளை சாய்ந்து நின்றாலும் அது போய்விட்டது என்று அர்த்தம். சுமார் 1999 முதல் 2007 வரை வந்த மதர்போர்டுகளில் இது ஏராளம். தரமற்ற எலக்ட்ரோலைட் ஊற்றிய கெப்பாசிட்டர்கள் அந்த வருடங்களில் உலகம் முழுக்கப் பரவின, பேர்பெற்ற நிறுவனங்களின் போர்டுகளும் தப்பவில்லை. உப்பிய கெப்பாசிட்டர் கண்ணில் பட்டால் அந்த போர்டுக்கு இப்போதைக்கு மின்சாரம் கிடையாது.

இரண்டாவது பேட்டரி. பட்டன் பேட்டரி என்றால் கவலையில்லை, வெறுமனே தீர்ந்துபோயிருக்கும். 386, 486 காலத்து போர்டுகளில் நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றை ஈயம் வைத்துப் பற்றியிருப்பார்கள். அது கசிந்து பக்கத்தில் உள்ள செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் முதலில் அதை வெட்டி எடுங்கள். கசிந்தது காரம் என்பதால் தண்ணீர் கலந்த வினிகரைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள். நுரைப்பது நின்றதும் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒருமுறை, ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள்.

மூன்றாவது எலி. கடித்த ஒயர் இருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், கேபிளையே மாற்றுங்கள்.

ஹார்டு டிஸ்க் முதலில் வெளியே வரட்டும்

கணினி ஓடுமா ஓடாதா என்று தெரிவதற்கு முன்பே டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கெட்ட எஸ்எம்பிஎஸ் ஒன்று போகும்போது டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும்.

அகலமான பட்டைக் கேபிள் இருந்தால் அது ஐடிஇ. விரல் அகலத்துச் சின்னக் கேபிள் என்றால் சாட்டா. ஐடிஇ டிஸ்க்கின் பின்பக்கத்தில் ஜம்பர் என்றொரு குட்டிப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். எந்த இடத்தில் சொருகினால் மாஸ்டர் (கேபிளின் முதல் டிஸ்க்), எதில் ஸ்லேவ் (இரண்டாவது டிஸ்க்) என்பது டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளிலேயே இருக்கும். யுஎஸ்பி அடாப்டரில் இணைக்கும்போது மாஸ்டரில் வையுங்கள். நான்கு ஊசி பவர் கனெக்டரின் இரண்டு மூலைகள் சரிவாக இருக்கும். அது ஒரு பக்கம்தான் போகும். மலிவான அடாப்டர்களில் பிளாஸ்டிக் இளகி, அழுத்தினால் தலைகீழாகவும் போய்விடுகிறது. அப்படிப் போனால் 5 வோல்ட் போகவேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போகும், டிஸ்க்கின் கதை அங்கேயே முடியும்.

பவரைக் கொடுத்ததும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீராக வேகம் எடுத்து, இரண்டு மூன்று முறை மெல்லக் கரகரத்து அமைதியானால் நல்லது. கடக், கடக் என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். தரவைப் படிக்கும் ஹெட், ஒவ்வொரு நிமிடமும் உள்ளே சுழலும் தட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். உள்ளே இருப்பது அவ்வளவு முக்கியம் என்றால் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள், முக்கியமில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிரிட்ஜின் ஃபிரீசரில் வைத்தால் ஓடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்த மறு நிமிடம் அது வியர்த்துவிடும், வேண்டாம்.

டிஸ்க் சுழல்கிறது, கணினியில் தெரிகிறது. "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இனி ஃபோல்டர்களைத் திறந்து பழைய படங்களை ரசிக்க ஆரம்பிக்கவும் கூடாது. முதலில் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுங்கள். லினக்ஸில் உள்ள குனு டிடிரெஸ்க்யூ இந்த வேலைக்காகவே எழுதப்பட்டது. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைக் கடைசியில் மறுபடி முயலும். எதுவரை வந்தது என்பதைத் தனிக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லினக்ஸை நிறுவ வேண்டிய அவசியமில்லை, பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் பதிப்பே போதும். எது மூல டிஸ்க், எது படி சேரும் இடம் என்பதை மட்டும் இரண்டு தடவை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். பழுதில்லாத 40 ஜிபி டிஸ்க் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பழுதுள்ளது ராத்திரி முழுக்க ஓடலாம், ஓடட்டும்.

படியெடுத்த பிறகு மூல டிஸ்க்கைத் தாளில் சுற்றி, தேதி எழுதி உள்ளே வையுங்கள். இனி எல்லா வேலையும் படியில்தான். முதல் வேலை வைரஸ் சோதனை. 2000களில் பென்டிரைவ் வழியாகப் பரவிய ஆட்டோரன் வைரஸ்கள் பல டிஸ்க்குகளில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கின்றன. எக்ஸ்பி கணினியின் மை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் "அனுமதி இல்லை" என்று முறைத்தால் பயப்பட வேண்டாம், அது பழைய கணினியின் பயனர் பூட்டு. லினக்ஸ் லைவ் பதிப்பில் திறந்தால் பெரும்பாலும் தானாக வழிவிடும்.

பெட்டியில் ஃபிளாப்பிகள் இருந்தால் அவற்றின் உலோகத் தகட்டை நகர்த்தி, உள்ளே இருக்கும் வட்டை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் பூஞ்சை. அதைச் சொருகினால் டிரைவின் ஹெட் அழுக்காகி, அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறும். பூஞ்சை இல்லாதவற்றை யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் படிக்கலாம், 3.5 அங்குலத்துக்கு மட்டும். மூலையில் உள்ள சின்ன நகர்வுக் கட்டையைத் துளை திறந்து தெரியும்படி தள்ளிவிட்டால் எழுதத் தடை. படிப்பதற்கு முன் எல்லாவற்றிலும் அப்படிச் செய்துவிடுங்கள்.

பழைய தமிழ்க் கோப்புகள்

இந்தச் சிக்கல் நமக்கே உரியது, ஆங்கில வழிகாட்டிகளில் தேடினால் இருக்காது. அந்தக் காலத்து வேர்டு கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கிறுக்கலுமாக வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவலாவதற்கு முன், எழுத்துருவே தமிழைச் சுமந்தது. கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துக்கான எண், அதைத் தமிழ் வடிவத்தில் வரைந்து காட்டியது அந்த எழுத்துரு. எழுத்துரு இல்லையென்றால் கிறுக்கல்தான்.

ஆகவே கோப்புகளோடு பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 2000 என்றால் அது வின்என்டி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். பல வீடுகளில் இதை மறந்துவிட்டு டிஸ்க்கை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அச்சகத்துக்காக யாரோ செய்துகொடுத்த எழுத்துரு என்றால் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அடுத்து, கோப்பு எந்தக் குறியீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கோப்பைத் திறந்து எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். இலங்கையிலிருந்தோ புலம்பெயர்ந்த உறவினரிடமிருந்தோ வந்தது என்றால் பெரும்பாலும் பாமினி. இணையத்தில் எழுதியவர்கள், மின்னஞ்சல் குழுக்களில் இருந்தவர்கள் என்றால் திஸ்கி. தமிழக அரசு 1999இல், சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி, டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது. தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். ஆகவே அதற்குப் பிந்தைய தமிழக அலுவலகக் கோப்புகளில் பெயருக்கு முன்னால் டாப், டாம் என்று தொடங்கும் எழுத்துருக்களைப் பார்க்கலாம். 2010இல் அரசு யூனிகோடுக்கு மாறியது.

குறியீடு தெரிந்துவிட்டால் மீதி எளிது. என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் உரையை ஒட்டி, குறியீட்டைத் தேர்ந்தால் யூனிகோடாக வரும். எந்தக் குறியீடு என்று தெரியாவிட்டால் ஒரே ஒரு வரியை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சரியானது எது என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். ஒரே கோப்பில் ஆங்கில வாக்கியங்களும் கலந்திருந்தால் அவற்றையும் மாற்றி "தமிழ்" ஆக்கிவிடும். அந்தப் பத்திகளைத் தனியே பிரித்துச் செய்யுங்கள். பேஜ்மேக்கரில் அமைத்த மலர்கள், அழைப்பிதழ்கள் இருந்தால் லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். பக்க அமைப்பு கலையலாம், எழுத்தை மீட்டால் போதும் என்று நினையுங்கள்.

பழைய டிஸ்க்கில் உங்களுக்கு வேண்டியது கோப்புகள் மட்டும்தான் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கணினியும் ஓடவேண்டும் என்பவர்கள் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

மின்சாரம்

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் சிவப்பாக ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் அதில் 230 என்று தெரிகிறதா பாருங்கள். 115 என்று இருந்தால், நம் ஊர் மின்சாரத்தில் சொருகிய உடனே வெடிச் சத்தம் கேட்கும். குழந்தைகள் விளையாட்டாக நகர்த்தி வைத்திருப்பார்கள், பார்க்காமல் போட்டுவிடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறும்போது 320 வோல்ட்டுக்கு மேல் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். புதியவர்களுக்கு எஸ்எம்பிஎஸ் பழுது பார்க்கும் பொருள் அல்ல, மாற்றும் பொருள். உள்ளே தூசியோ பல்லியோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால் வெளியிலிருந்து ஊதுங்கள், குலுக்கிப் பாருங்கள். அவ்வளவுதான் உங்கள் எல்லை.

அந்தக் காலத்து யுபிஎஸ் பக்கத்தில் இருந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இத்தனை வருடத்தில் செத்திருக்கும், உப்பியும் இருக்கலாம். சுவர் பிளக்கே போதும், ஆனால் மூன்று ஊசியும் வேலை செய்யும் பிளக்காக இருக்க வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் உள்ள இரைச்சல் வடிகட்டி, இரண்டு ஒயர்களிலிருந்தும் இரும்பு உடலுக்குச் சின்னக் கெப்பாசிட்டர்களை இணைத்திருக்கிறது. எர்த் இல்லாதபோது உடல் பாதி வோல்ட்டேஜில், அதாவது 115 வோல்ட் சுமாரில், மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கேபிளைச் சொருகினால் போர்டைக் கொல்லலாம். வாடகை வீட்டின் மூன்று துளை சாக்கெட் எல்லாம் எர்த் உள்ள சாக்கெட் என்று நம்பிவிடாதீர்கள், எலக்ட்ரீஷியனை ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.

முதல் சோதனைக்கு டிவி மெக்கானிக்குகளின் சீரிஸ் பல்ப் அருமையான சாதனம். 100 வாட் குண்டு பல்பை மின்வழியில் தொடராக இணைத்த சாக்கெட் பலகை அது. எல்இடி பல்ப் உதவாது. எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றி, அதில் சொருகுங்கள். பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்தால் உள்ளே ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட், ஆனால் பட்டாசு வெடிப்பதற்குப் பதில் பல்ப் எரிந்ததோடு போயிற்று. பலகையை நீங்களே கட்ட வேண்டாம், தெரிந்தவரிடம் செய்து வாங்குங்கள். இது எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க மட்டும். கணினி முழுவதையும் இதில் ஓட்டினால் வோல்ட்டேஜ் போதாமல் தவிக்கும்.

பல்ப் சோதனையில் தேறியதா? இனி நேராகச் சுவரில். எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய சிடி டிரைவ் ஒன்றை மட்டும் பாரமாக இணையுங்கள். பெரிய கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கறுப்பையும் சின்னக் கம்பித் துண்டால் இணைத்தால் ஃபேன் சுழலவேண்டும். கம்பியை எஸ்எம்பிஎஸ் அணைந்திருக்கும்போது மாட்டிவிட்டு, பிறகு சுவிட்சைப் போடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியைக் கறுப்பு ஒயரில் வைத்து அளந்து பாருங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. இதற்கு வெளியே எது போனாலும் அந்த எஸ்எம்பிஎஸ் போர்டைப் பார்க்கக் கூடாது. ஊதா ஒயரில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்கும். அதனால்தான் ராமைக் கழற்றும்போதுகூட பிளக்கைப் பிடுங்கச் சொல்கிறோம்.

புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டும்போது ஓர் எச்சரிக்கை. 1990களின் கடைசியில் வந்த சில டெல் கணினிகளில் கனெக்டர் பார்ப்பதற்கு ஏடிஎக்ஸ் என்ற வழக்கமான பொது வகை போலவே இருக்கும், உள்ளே ஒயர் வரிசை வேறு. பொதுவான எஸ்எம்பிஎஸ்ஸை அதில் மாட்டினால் போர்டு எரியும். ஏடிஎக்ஸ் 1995இல் வந்தது. அதற்கு முந்தைய ஏடி வகை என்றால் போர்டுக்கு இரண்டு தனிக் கனெக்டர்கள் போகும். இரண்டையும் சொருகும்போது கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்து இருக்க வேண்டும். அதன் முன்பக்க சுவிட்சுக்கு வருவது நேரடி 230 வோல்ட் என்பதையும் மறக்காதீர்கள்.

பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் பிபிசி மைக்ரோ என்ற 1980களின் பிரிட்டிஷ் கணினி கிடைத்தால், அது பள்ளிகளில் கணினி கற்பிக்க 1984இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் வந்ததாக இருக்கும். அதன் பவர் சப்ளையில் உள்ள ரீஃபா வகைக் காகிதக் கெப்பாசிட்டர்கள் வயதானால் மேலுறை வெடித்து, ஈரம் புகுந்து, ஆன் செய்த சில நிமிடங்களில் புகைந்து நாறும். அவற்றை மாற்றாமல் அதற்கு மின்சாரம் கொடுக்கவே வேண்டாம்.

குறைந்தபட்சச் சாமானோடு ஓட்டுங்கள்

மதர்போர்டில் பிராசசர், ஒரே ஒரு ராம், டிஸ்பிளே, ஸ்பீக்கர். இவ்வளவு மட்டும் இருக்கட்டும். சவுண்ட் கார்டு, மோடம், டிவி டியூனர் எல்லாம் வெளியே. போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்துச் சோதிப்பதானால் அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். வெள்ளி நிற ஆன்டி-ஸ்டாட்டிக் பையின் மேல் வைத்து ஓட்டாதீர்கள், அதன் வெளிப்பரப்பு மின்சாரம் கடத்தும்.

ராமின் தங்க விளிம்பை வெள்ளை ரப்பரால் மெல்ல அழித்து, துகளைத் தட்டிவிட்டு, ஆல்கஹாலால் துடைத்துச் சொருகுங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் க்ளிக் என்று விழ வேண்டும். செத்துவிட்டதாகச் சொல்லப்படும் கணினிகளில் பல இந்த ரப்பர் வைத்தியத்திலேயே எழுந்துவிடுகின்றன. வேறு ராம் வாங்குவதானால் விளிம்பில் உள்ள வெட்டுகளைப் பாருங்கள். இரண்டு வெட்டு என்றால் எஸ்டிராம், ஒரு வெட்டும் 184 தொடர்புகளும் என்றால் டிடிஆர், ஒரு வெட்டும் 240 தொடர்புகளும் என்றால் டிடிஆர் 2 அல்லது 3. ஒன்றில் மற்றொன்று போகாது, அழுத்திப் பார்க்கவும் வேண்டாம்.

பிராசசரின் ஹீட்சிங்க்கைக் கழற்றித் தெர்மல் பேஸ்ட் மாற்றுவது நல்லதுதான், ஆனால் 478 சாக்கெட் பென்டியம் 4 என்றால் பொறுங்கள். பழைய பேஸ்ட் சிமென்ட் போல இறுகியிருக்கும். குளிர்ந்த நிலையில் இழுத்தால் பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசசரையே பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். முதலில் ஐந்து பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹீட்சிங்க்கை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகு தூக்குங்கள். புதிய பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

இப்போது ஆன் செய்யுங்கள். ஒரே ஒரு சின்ன பீப் என்றால் பெரும்பாலும் நல்ல செய்தி. நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தால் ராம் மேல் சந்தேகம். ஒரு நீள பீப்பும் இரண்டு சின்ன பீப்பும் என்றால், அவார்டு பயாஸில் (பயாஸ் என்பது கணினியை எழுப்ப போர்டிலேயே பதிந்திருக்கும் நிரல், அவார்டு அதில் ஒரு வகை) டிஸ்பிளே கார்டு மேல் சந்தேகம். சத்தமே இல்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது என்றால் ராமைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போது பீப் வந்தால் போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்கின்றன. அப்போதும் மௌனம் என்றால் பட்டன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பேட்டரி செத்தால் எழவே மறுக்கும் போர்டுகள் உண்டு.

திரையில் செக்சம் பிழை என்று வந்து எஃப்1 அழுத்தச் சொன்னால் அது பேட்டரிக் கோளாறுதான். மாற்றிவிட்டு, பயாஸில் தேதியைச் சரிசெய்து சேமியுங்கள். 486 போன்றவற்றில் டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களை பயாஸில் கையால் கொடுத்திருப்பார்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளைப் படம் எடுத்து வைத்திருந்தால் கைகொடுக்கும். நேரம் இருந்தால் மெம்டெஸ்ட்86+ஐ ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள். ராமில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தத் துண்டை ஒதுக்குங்கள்.

உப்பிய கெப்பாசிட்டர்

ஈயப்பற்று பழகாதவர் மதர்போர்டில் கை வைத்துப் பழகக்கூடாது. கெப்பாசிட்டரின் ஒரு கால் போர்டின் உள்ளே ஓடும் பெரிய செம்புத் தகட்டோடு சேர்ந்திருக்கும், அது சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். 25 வாட் சால்டரிங் அயர்ன் அங்கே திணறும், இழுத்தால் துளையின் செம்பு உறையும் கூடவே வரும். நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். பொருளை மட்டும் நீங்கள் சொல்லி வாங்குங்கள்: அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டேஜ் அல்லது கொஞ்சம் கூட, 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) வகை. சாதாரண வகையைப் போட்டால் சீக்கிரமே மறுபடி உப்பும். மைனஸ் பக்கக் கோடு எந்தத் திசை என்பதைப் படத்தில் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். போர்டில் நிழலிட்ட பாதிதான் மைனஸ் என்று எல்லா நிறுவனமும் குறிப்பதில்லை.

ஓட ஆரம்பித்த பிறகு

பழைய மூல டிஸ்க்கை மறுபடி மாட்டி தினமும் ஓட்ட வேண்டாம். பழைய கேமராக்களில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை மின்னியல்ரீதியாக ஐடிஇதான். மலிவான அடாப்டர் ஒன்றில் அட்டையைச் சொருகினால் சத்தமில்லாத டிஸ்க் தயார். சின்ன அளவே போதும். பழைய பயாஸ்களில் 504 எம்பி, 8.4 ஜிபி, 137 ஜிபி என்று வரிசையாக உச்சவரம்புகள் உண்டு, பெரிதாக வாங்கி மாட்டினால் பாதியைத்தான் பார்க்கும், அல்லது திகைத்து நின்றுவிடும். விண்டோஸ் 98 போடுவதானால் ராமையும் 512 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 98க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2006 ஜூலையோடும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடும் நின்றன. இவற்றை இணையத்தோடு இணைக்காதீர்கள். டர்போ சி, பழைய விளையாட்டுகள், பேஜ்மேக்கர் எல்லாவற்றுக்கும் இணையம் தேவையில்லை. கீபோர்டும் மவுசும் வட்ட பிஎஸ்/2 வகை என்றால் ஓடும்போது கழற்றிச் சொருக வேண்டாம். ஊதா துளை கீபோர்டுக்கு, பச்சை மவுசுக்கு. உருண்டை வைத்த மவுஸ் துள்ளினால் அடிமூடியைத் திருகி உருண்டையை எடுத்து, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் கறுப்புப் பட்டையை நகத்தால் சுரண்டினால் சரியாகிவிடும்.

பெரிய குழாய் மானிட்டரைத் திறக்கவே கூடாது. படக்குழாயின் ஆனோடில் 25,000 வோல்ட் வாக்கில் இருக்கும், அணைத்த பிறகும் அது தங்கும். பழைய கணினியைப் புதிய மானிட்டரின் விஜிஏ துளையில் சொருகினாலே போதும். விஜிஏ இல்லாத மானிட்டர் என்றால் சில்லு வைத்த மாற்றி வேண்டும், வெறும் கேபிள் உதவாது. குழாய் மானிட்டர் ஓடாவிட்டால் எடைக்காரரிடம் போடாதீர்கள். செம்புக்காக அவர்கள் குழாயின் கழுத்தை உடைப்பார்கள், கண்ணாடி முழுக்க ஈயம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள், ரசீதும் கேட்டு வாங்குங்கள்.

மறுபடி பரணில்தான் ஏறப்போகிறது என்றால், பட்டன் பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டு, கேபினெட்டின் பின்பக்கத் திறந்த இடங்களை வலைத்துணி ஒட்டி மூடி, பல்லி நுழையாதபடி ஏற்றுங்கள்.